மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. முட்டி வலி குறைந்ததா? படியேறாதே என்று நான் சொன்னால் நீ கேட்கவா போகிறாய்! மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து ரொம்பச் சந்தோஷம்.

சரி, கடைசியில் போகிறபோக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். எச்.ஐ.வி.க்கு மாத்திரை சும்மாவே தருகிறார்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதைக்கூட விழுங்காமல் பாதியில் விடுகிறவர்களை என்ன செய்வது என்று. சிகிச்சை மையத்தில் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருஷம் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் உன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது, பரவாயில்லை.

அப்போது ஒருவர் நாலு மாதம் வராமல் இருந்துவிட்டு வந்தார். இரவுக்காவல் வேலை, தங்குவதும் அங்கேயே, இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'தொடர்பில் இல்லை' என்று எழுதியது நான்தான். வந்தவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து பழைய டப்பாவை எடுத்து என் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை. திறந்தால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறது. வெளியே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார், பசை மட்டும் அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. குலுங்கினால் என்ன மாத்திரை என்று அறைக்காரர்கள் கேட்பார்களாம். தெரிந்தால் அறை போகும், அதோடு வேலையும் போகும். எங்கள் மையமோ மதியத்தோடு மூடிவிடும். மாற்று ஆள் வந்து, இவர் கிளம்பி, இரண்டு வண்டி மாறி வந்து சேர்வதற்குள் கதவு சாத்தியாகிவிடும். அப்படி இரண்டு தடவை வந்து திரும்பிப் போயிருக்கிறார், அந்த வருகையெல்லாம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது சொல்.

அவரைத் திட்டியது இன்னும் உறுத்துகிறது.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற, நிலையான முகவரி உள்ள, கையில் நாலு காசு இருக்கிற ஆளை மனதில் வைத்துத்தான் எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்தவர், ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொள்பவர், பாலியல் தொழில் செய்பவர், காகிதம் எதுவும் இல்லாமல் வேற்று நாட்டில் பிழைப்பவர், இவர்களுக்கு அந்த வரிசையில் நிற்பதே தங்களைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. ஒரு திருநங்கையை அவர் எப்போதோ விட்ட பழைய பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடு, அடுத்த மாதம் வரமாட்டார். மருந்தின் குறையா அது?

மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே தென்படாத அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றால், உறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. 2019இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் பகுதியில் இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து, ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட 782 ஆண் ஜோடிகளைப் பார்த்தார்கள், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இந்த வைரஸ் அழிக்கிற, நோயை எதிர்க்கும் சிடி4 ரத்த அணுக்கள் குறையும்வரை காத்திருக்க வேண்டாம், தொற்று தெரிந்த எல்லோருக்கும் சிகிச்சை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லியாயிற்று. ஆனாலும் 2024 கணக்குப்படி உலகத்தில் தொற்றோடு வாழ்கிற 4 கோடியே 8 லட்சம் பேரில் சிகிச்சையில் இருப்பவர்கள் 3 கோடியே 16 லட்சம்தான். மிச்சம் 92 லட்சம் பேரும் சோம்பேறிகளா?

மொசாம்பிக் நாட்டில் டெட்டே என்ற மாகாணத்தில் 2008இல் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருத்துவமனை வெகுதூரம், வரிசையோ நாள் முழுக்க. சரி, ஆறு பேர் ஒரு குழுவாகச் சேருங்கள், மாதம் ஒருவர் போய் ஆறு பேருக்கும் மாத்திரை வாங்கி வாருங்கள், போகிறவர் தன் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். முதல் அறிக்கையில் பார்த்தால், குழுக்களில் இருந்த 1,301 பேரில் தொடர்பு விட்டுப்போனவர்கள் இரண்டே பேர். அதே மாத்திரைதான், புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது பல இடங்களில் நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு மாத்திரையை மொத்தமாகவே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் வந்திருக்கிறது. மறைத்துவைக்க டப்பாவே இல்லை என்பதுதான் அதில் பெரிய விஷயம், ஆனால் யாருக்கு அது முதலில் எட்டும் என்று நீயே ஊகித்துக்கொள்.

எங்கள் மையத்தில் வாரம் ஒரு நாள் இரவு எட்டு மணிவரை திறக்க ஒன்றரை வருஷம் மனு போட்டேன். கிடைத்தது. காவல்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் வருவார், மாத்திரையைத் துணிப்பையில் மாற்றிக்கொள்வார், நானும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம், உன் கடிதத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருந்தாய். வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. யார் என்று கேட்க மாட்டேன். விட்டு எத்தனை மாதமானாலும் மறுபடி தொடங்கலாம், ரத்தம் பார்த்துவிட்டு எந்த மருந்து என்று மருத்துவர் முடிவு செய்வார். வியாழக்கிழமை சாயங்காலம் வரச்சொல். பின்பக்க வாசல், மூன்றாவது அறை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி