கடைசிச் சீட்டா, கழிவுச் சீட்டா? ராப்டர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ
2025 மார்ச் 25

ராப்டர்ஸ் தலைவர் மசாய் உஜிரி, பொது முகாமையாளர் பொபி வெப்ஸ்டர் ஆகிய மதிப்புக்குரிய இருவருக்கும்,

தமிழில் எழுதினால் அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று என் மகன் கேட்கிறான். யாராவது வாசித்துச் சொல்லட்டும். உங்கள் அரங்கின் மேல்தட்டு வரிசைகளில் ஒருமுறை ஏறி நடந்தால் இந்த மொழி உங்கள் காதில் விழும்.

என்.பி.ஏ. என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடும் உங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி 1995இல் பிறந்தது. நான் அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினேன். பதினொரு வயது. சித்தப்பா வாடகைக்கு இருந்த பேஸ்மென்டில் ஏழு பேர், ஒரு தொலைக்காட்சி. வந்த அடுத்த மாதம், மார்ச் 24, அந்தப் பெட்டியில் நான் பார்த்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மைக்கல் ஜோர்டனின் சிக்காகோ அணியை ராப்டர்ஸ் 109–108 என்று ஒரு புள்ளியால் மடக்கியது. அந்த சீசனின் 82 ஆட்டத்தில் சிக்காகோ தோற்றதே பத்துதான். ராப்டர்ஸ் தோற்றது 61. எனக்கு அப்போது அது எதுவும் தெரியாது. நம்முடைய அணி பெரிய ஆட்களை அடிக்கும் அணி என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கை தெளிய நாலைந்து வருடம் பிடித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. நம் நட்சத்திரம் வின்ஸ் கார்ட்டர் 2004 டிசம்பரில் வேறு அணிக்குப் போனதையும், அவருக்காக வந்ததாகச் சொல்லப்பட்ட அலொன்சோ மோர்னிங் இந்த ஊருக்கு ஒருநாள்கூட ஆட வராததையும் பார்த்தவர்கள் நாங்கள். பத்து வருடம் கார்ட்டரைக் கூவித் தீர்த்துவிட்டு, போன நவம்பரில் மரியாதையாக அவர் ஜேர்சியை அரங்கின் கூரைக்கு ஏற்றியபோது கண்ணைத் துடைத்ததும் நாங்களே. ஆகவே, தோற்காதீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. பெப்ரவரி 6 அன்று ட்ரேட் காலக்கெடு (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) முடிந்ததிலிருந்து எங்கள் வீடுகளில் ஒரு சண்டை ஓயவில்லை: இப்போதே வெல்லப் பார்க்கிறீர்களா, தோற்று நல்ல இளம் ஆட்டக்காரனுக்குக் காத்திருக்கிறீர்களா? அதற்கான பதில் உங்கள் இருவரிடம் மட்டுமே இருக்கிறது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

காலக்கெடுவுக்கு முதல் நாள் இரவு நியூ ஓர்லியன்ஸிலிருந்து பிராண்டன் இங்ரமை எடுத்தீர்கள். புரூஸ் பிரவுன், கெலி ஒலினிக், இந்தியானாவிடமிருந்து வர இருந்த 2026இன் முதற்சுற்று பிக் (டிராஃப்ட் என்ற வருடாந்தத் தெரிவில் புது ஆட்டக்காரரை எடுக்கும் உரிமை), ஓர் இரண்டாம் சுற்று பிக் ஆகியவை போயின. அடுத்த வாரமே இங்ரமுக்கு மூன்று ஆண்டுக்கு 120 மில்லியன் டொலர் ஒப்பந்தம் எழுதினீர்கள். டிசம்பரில் கணுக்கால் சுளுக்கிய மனிதர் இன்றுவரை உங்கள் உடுப்பில் களம் இறங்கவில்லை. (ஒலினிக் போனதில் எனக்குத் தனியாக ஒரு வருத்தம். இந்த ஊரில் பிறந்த பெடியன். அவருடைய தாயார் ஒருகாலத்தில் ராப்டர்ஸ் ஆட்டங்களுக்குப் புள்ளி குறித்தவர். கணக்கில் அதற்கு இடமில்லை, தெரியும்.)

அந்த வார இறுதியில் மாமா ஒருவரின் எழுபதாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல பேஸ்மென்டுக்கு இறங்கினோம். பத்து நிமிடத்தில் இரண்டு கட்சி. நிறையத் தோற்கும் அணிக்கு லொத்தர் குலுக்கலில் முதல் பிக் கிடைக்கும் வாய்ப்புக் கூட; இம்முறை எல்லோரும் கண் வைத்திருந்தது கூப்பர் ஃபிளாக் என்ற கல்லூரிப் பெடியனில்.

"இங்ரம் கெட்டிக்காரன்தான் அண்ணை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஏன் இப்ப? இன்னும் ரெண்டு மாசம் தோத்தா கூப்பர் ஃபிளாக் கிடைக்கிற வாய்ப்பாவது இருக்கு."

"இப்ப இல்லாட்டி எப்ப? காயம்பட்டு விலை இறங்கின நேரம் வாங்கிறதுதான் கெட்டித்தனம். ஆரோக்கியமா இருந்திருந்தா இந்த விலைக்குத் தருவாங்களே?"

"பார்ன்ஸ், பாரெட், குயிக்லி, இப்ப இவர். நாலு பேருக்கும் பந்து கையில வேணும். பந்து ஒண்டுதானே!"

"பூர்ட்டல் இருக்கிறான். அவனுக்குப் பந்து வேண்டாம்."

சிரிப்பு. பிறகு மறுபடி சத்தம். ஒருத்தர் எழும்பி நின்று அடுத்த ஆண்டுச் சம்பளக் கணக்கை விரல் மடித்துச் சொன்னார். அந்த ஐந்து பேருக்கே 150 மில்லியனுக்கு மேல் போகிறது. போன சீசனில் ஐம்பத்தேழு ஆட்டம் தோற்ற அணிக்கு இப்படி ஒரு சம்பளப் பட்டியலா என்று கேட்டார். எதிர்க் கட்சிக்காரர், அந்த ஐம்பத்தேழில் பாதி காயத்தால் வந்தது என்றார்.

அப்போது மாமி தேநீர்த் தட்டோடு படியிறங்கி வந்தா. கூடைப்பந்தில் அவவுக்கு ஒரு ஈடுபாடும் இல்லை. ஆனால் இருபது வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறவ. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு அவ சொன்னது இதுதான்:

"தம்பிமார், இவங்கள் கழிச்சு எடுக்கிறாங்களோ, கடைசிச் சீட்டுக்கு இருக்கிறாங்களோ? முதல் மாசமே கழிச்சு எடுத்துப்போட்டு, கடைசிச் சீட்டும் எனக்குத்தான் எண்டு ஒருத்தன் வந்து நிண்டா நான் எங்க போறது?"

உங்களுக்காக விளக்குகிறேன். இருபது பேர் மாதம் 500 டொலர் போட்டால் பத்தாயிரம் சேரும். அவசரம் உள்ளவர் முதலிலேயே கேட்டு எடுக்கலாம், ஆனால் கழித்து எடுக்க வேண்டும். எட்டாயிரம் போதும் என்று சொல்லி எடுத்தால் கழிவு இரண்டாயிரம் மற்றவர்களுக்குப் பிரியும். அவசரம் இல்லாதவர் பொறுத்திருந்து கடைசிச் சீட்டை முழுதாக எடுப்பார். இரண்டும் மரியாதையான வழிதான். வீடு வாங்குகிறவன் கழித்து எடுப்பான், மகளுக்குச் சேர்க்கிறவன் கடைசிக்கு இருப்பான். சீட்டு முறிவது, இன்னும் எடுக்காதவன் மாதிரி பேசிக்கொண்டே முதலில் எடுத்தவனால்.

நீங்கள் இங்ரமைக் கழித்து எடுத்துவிட்டீர்கள். அதை மறைக்க வழியில்லை. நம் முன்னணி ஆட்டக்காரர் சியாக்கமை 2024 ஜனவரியில் இந்தியானாவுக்கு அனுப்பியபோது கைக்கு வந்தவற்றில் பிரவுனும் அந்த 2026 பிக்கும் அடக்கம். அவை இரண்டும்தான் இப்போது இங்ரமுக்காகப் போயிருக்கின்றன. இங்ரமும் சியாக்கமும் ஒரே 2016 டிராஃப்டில் வந்தவர்கள், ஒருவர் இரண்டாவது, மற்றவர் இருபத்தேழாவது. பூர்ட்டலும் அதே ஆண்டு, ஒன்பதாவது. கமரூனிலிருந்து வந்து உங்கள் கையில் வளர்ந்த இருபத்தேழாவது ஆளைக் கொடுத்து, சுற்றிச் சுற்றி இரண்டாவது ஆளுக்கு வந்திருக்கிறீர்கள். நட்டமா லாபமா என்பதை இங்ரமின் கணுக்கால் சொல்லட்டும். ஆனால் எடுத்தது எடுத்ததுதான். 27 வயது ஆளுக்கு ஆண்டுக்கு 40 மில்லியன் கொடுப்பது ஐந்து வருடம் கழித்து வெல்வதற்கு அல்ல.

அப்படியானால் இந்த மாதம் நாங்கள் பார்ப்பது என்ன? ஆட்டத்தின் நாலு காற்பகுதியில் மூன்றாம் கால்வரை சமமாக ஆடிவிட்டு, நாலாம் கால் வந்ததும் முன்னணி ஆட்டக்காரர்கள் போர்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருமுறை என்றால் ஓய்வு. திரும்பத் திரும்ப என்றால் அதற்குப் பெயர் டாங்கிங், வேண்டுமென்றே தோற்பது; லீக் முழுக்க அந்தப் பெயரைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால் உங்கள் திட்டத்தை பெஞ்சுப் பெடியள் மதிப்பதாக இல்லை. டிராஃப்டில் 45ஆவதாக வந்த ஜமால் ஷெட் எதிராளியின் மூச்சு முட்டும்வரை ஒட்டிக்கொண்டு ஓடுகிறார். பிரம்டனில் வளர்ந்த ஏ.ஜே. லோசன் கிடைத்த நிமிடத்தில் எல்லாம் கூடையைப் பார்க்கிறார். தோற்பதற்காக இறக்கப்பட்டவர்கள் வென்றுவிடுகிறார்கள். என் மகன் துள்ளுகிறான், பக்கத்தில் இருக்கும் அவனுடைய பெரியப்பா தலையில் கை வைக்கிறார். ஒரே கூடை விழுந்து ஒரே சோபாவில் ஒருத்தருக்குச் சந்தோசம், இன்னொருத்தருக்குக் கவலை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

லொத்தரை நம்புகிறவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. 2021இல் கொரோனாவால் எல்லை மூடியிருக்க, தம்பாவில் வீடற்ற அணியாக ஆடி 27 வென்று 45 தோற்றோம், கீழிருந்து ஏழாவதாக நின்ற நாம் நாலாவது பிக்குக்கு ஏறினோம், ஸ்கொட்டி பார்ன்ஸ் வந்தார். ஆனால் போன வருடத்தையும் மறக்க முடியுமா? சீசனின் கடைசிக் கட்டத்தில் தொடர்ச்சியாகப் பதினைந்து ஆட்டம் தோற்றோம். பிக் முதல் ஆறுக்குள் விழுந்தால் நமக்கு, வெளியே விழுந்தால் சான் அன்டோனியோவுக்கு. எட்டாவதாக விழுந்தது. 2023 பெப்ரவரியில் பூர்ட்டலைத் திருப்பி எடுக்கக் கொடுத்த பிக் அது. அதே லொத்தரில் மூன்று விழுக்காடு வாய்ப்போடு இருந்த அட்லாண்டாவுக்கு முதலிடம் போனது. லீக்கின் கடைசி மூன்று அணிகளுக்கே தலா 14 விழுக்காடு. கீழிருந்து ஏழாவது இடத்தில் நிற்பவனுக்கு ஏழரை. பெயரைக் கேட்டாலே எங்களுக்குப் பயம் வரும், ஏழரை!

அந்த 2023 காலக்கெடுதான் என் மனதில் இன்னும் முள்ளாகக் கிடக்கிறது. வான்வ்லீட், சியாக்கம், அனுனோபி என்று எல்லோர் பெயரும் ட்ரேட் பேச்சில் அடிபட்டது. நீங்கள் யாரையும் விற்கவில்லை, பூர்ட்டலை வாங்கினீர்கள். வெல்லப் போகிறோம் என்று நினைத்தோம். 41 வெற்றி, 41 தோல்வி. அதைவிட நடுவில் ஓர் அணி நிற்க முடியுமா? பிறகு சிக்காகோவுக்கு எதிரே, தோற்றால் சீசன் முடிந்தது என்ற ஆட்டத்தில், சொந்த அரங்கில் 36 ஃப்ரீ த்ரோவில் (யாரும் தடுக்காமல் எறியும் பந்தில்) 18ஐத் தவறவிட்டுத் தோற்றோம். நம் பழைய நட்சத்திரம், அப்போது எதிரணியில் ஆடிய டிரோசனின் சின்ன மகள் ஒவ்வொரு எறிக்கும் வீறிட்டது இப்போதும் காதில் கேட்கிறது. கோடையில் வான்வ்லீட் ஹியூஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு ஒரு பிக்கூட வரவில்லை. கழித்தும் எடுக்கவில்லை, கடைசிக்கும் இருக்கவில்லை. சீட்டுக் காசு அப்படியே போனது.

உங்களைக் குறை சொல்ல மட்டும் வரவில்லை, மசாய். 2013 டிசம்பரில் நீங்கள் முன்னணி ஆட்டக்காரர் ருடி கேயை சக்ரமென்டோவுக்கு அனுப்பியபோது இதே சண்டை இதே பேஸ்மென்டில் நடந்தது. அன்றைக்கு ஃபிளாக்கின் இடத்தில் வோனில் வளர்ந்த அண்ட்ரூ விக்கின்ஸ். எல்லாவற்றையும் விற்றுத் தோற்போம், நம்ம ஊர்ப் பெடியனை எடுப்போம் என்று பாதிப் பேர். கைல் லௌரியும் நியூயோர்க்குக்குப் போகவேண்டியவர், அவர்கள் பின்வாங்கியதால் தங்கினார். அந்த அணி வெல்லத் தொடங்கியது. அப்போது நீங்கள் அதைக் குழப்பவில்லை. வெல்லுகிறவர்களை வெல்ல விட்டீர்கள். 48 வெற்றி வந்தது. ஆறு வருடத்தில் கிண்ணம் வந்தது.

2018இல் டிரோசனைக் கொடுத்தபோது என் முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் திட்டினார். எனக்குப் பாதித் தலை. ஆனால் எந்த வழி என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரே வருட ஒப்பந்தம் மிச்சமுள்ள கவாய் லெனர்ட்டை எடுத்தீர்கள், அடுத்த பெப்ரவரியில் மார்க் கசோலை எடுத்தீர்கள், சம்பள வரம்பைத் தாண்டினால் லீக் கேட்கும் ஆடம்பர வரியையும் கட்டினீர்கள். இப்போதே வெல்கிறோம் என்று ஒவ்வொரு அசைவும் சொன்னது. பிலடெல்பியாவுக்கு எதிரே அந்தப் பந்து வளையத்தில் நாலு தரம் குதித்து உள்ளே விழுந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் பந்து யார் கையில் இருந்தது என்பது நீங்கள் செய்த தெரிவு.

எனவே என் கேள்விக்குப் பேட்டிகளில் வரும் பொறுமை, வளர்ச்சி என்ற பதில் போதாது. சீசன் தொடங்க முன் மீள்கட்டுமானம் என்றீர்கள், சரி என்று தலையாட்டினோம். நடுவில் இங்ரமை வாங்கினீர்கள், அதற்கும் தலையாட்டினோம். இப்போது நாலாம் காலில் பெஞ்சைப் பார்க்கச் சொல்கிறீர்கள். இது எந்த வழியில் சேர்த்தி? அடுத்த ஒக்டோபரில் இங்ரம், பார்ன்ஸ், பாரெட், குயிக்லி நால்வரையும் சேர்த்து ஆடவைத்து முதல் ஆறு இடத்துக்குப் போகிறோம் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நால்வரும் சேர்ந்து நிற்க மாட்டார்கள், ஒருவரை விற்கத்தான் போகிறோம் என்றால், 2023 மாதிரி கடைசி நாள்வரை இழுக்காமல் கோடையிலேயே செய்யுங்கள். இன்னும் பத்து ஆட்டம் அளவில்தான் மிச்சம். அதில் பார்ன்ஸ் நாலாம் காலும் ஆடட்டும். அவரோடு ஷெட்டும் ஆடட்டும். தோற்றால் தோற்போம், பெரியப்பாவும் கொஞ்சம் சந்தோசப்படட்டும்.

டலஸ் ஆட்கள் தங்கள் நட்சத்திரம் டொன்சிச் ட்ரேட்டில் போனதற்கு அரங்க வாசலில் சவப்பெட்டி வைத்தார்களாம். நாங்கள் அந்த அளவுக்குப் போகமாட்டோம். மார்ச்சில் இன்னும் குளிர் விடவில்லை.

மாமி மே மாதம் புதுச் சீட்டுத் தொடங்குகிறா, உங்கள் லொத்தர் குலுக்குகிற அதே மாதம். இருபதில் இரண்டு பங்கு இன்னும் காலி. விருப்பமென்றால் சொல்லி அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன். காசை வாங்க முதல் அவ ஒரு கேள்வி கேட்பா, அதற்கு மட்டும் பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
1996 மார்ச்சிலிருந்து உங்கள் ஆள் ஒருவன்