எங்கள் மகனுக்கு வாசிக்க வழிகாட்டியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

பிலடெல்பியாவை ஒட்டிய ஊர் ஒன்றில் வசிக்கும் குடும்பம் எங்களுடையது. நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள், இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பள்ளி உளவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களும். அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டோம். அவர்கள் செய்தது எப்படிப்பட்ட உதவி என்பது நம் பெற்றோர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். பிள்ளையின் விஷயம் என்பதால் யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்திலும் என் மகனுக்கு வாசிப்பு வரவில்லை. ஒரு கதையைச் சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். கணக்கில் கெட்டிக்காரன். புத்தகத்தைத் திறந்தால் மட்டும், முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து ஏதோ ஒரு சொல்லைச் சொல்வான். பள்ளியில் கேட்டபோது, வீட்டில் இரண்டு மொழி பேசுகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள், தானாக வந்துவிடும் என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் தமிழையே நிறுத்திவிடச் சொன்னார். அவன் பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. தமிழை நிறுத்தினால் அவன் பாட்டியோடு எப்படிப் பேசுவான்?

அந்தக் கவலையோடுதான் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்துக்குப் போனோம். அங்கே பரிசோதனை செய்வது மாணவர்கள். உரிமம் பெற்ற உளவியலாளரான பேராசிரியர் அடுத்த அறையிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். அறிக்கையில் இருவரும் கையெழுத்திடுவார்கள். கட்டணம் வருமானத்துக்கு ஏற்றபடி. வெளியே தனியாரிடம் செய்தால் எங்களால் தாங்கியிருக்க முடியாது.

எங்களுக்குக் கிடைத்த மாணவி முதல் நாள் எந்தச் சோதனையும் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். எப்போது பேச ஆரம்பித்தான், காதில் சீழ் வந்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் இருந்ததா, வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டார். கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் தொடங்கலாம் என்றார். இது ஏன் முதலில் என்று நான் கேட்டதற்குப் பேராசிரியர் ஒரு பழைய கதையைச் சொன்னார். 1896-இல் இதே பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த லைட்னர் விட்மரிடம் ஒரு பள்ளி ஆசிரியை, எழுத்துக்கூட்டி எழுதவே வராத ஒரு பையனை அழைத்து வந்தாராம். விட்மர் ஆராய்ந்தபோது அவன் பார்வையிலும் கோளாறு இருந்தது தெரிந்தது. உலகின் முதல் உளவியல் கிளினிக் அப்படித்தான் தொடங்கியது. அந்தத் துறையே நம் பிள்ளை மாதிரி ஒரு பையனிடமிருந்துதான் தொடங்கியது என்று கேட்டபோது மனசுக்குத் தெம்பாக இருந்தது.

கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன. பிறகு சோதனைகள் ஆரம்பித்தன. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவருவது அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னபோதும், வரிசையாக இருக்கும் நிறங்களின் பெயர்களை வேகமாகச் சொல்லச் சொன்னபோதும் திணறினான். அர்த்தமில்லாத சொல் எதற்கு என்று யோசித்தேன். மனப்பாடமோ ஊகமோ அங்கே கைகொடுக்காது. எழுத்தை ஒலியாக்க வருகிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

நான் மறக்கவே முடியாதது தமிழுக்காக அவர்கள் ஒதுக்கிய நேரம். அந்த மாணவிக்குத் தமிழ் தெரியாது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் எப்படி வருகிறது என்று என்னிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் என்னையே மகனுக்கு எதிரில் உட்காரவைத்தார். "கடல் என்று சொல். இப்போது க-வை விட்டுவிட்டு மீதியைச் சொல்." என் மகன் விழித்தான். மரம், கரம், பூனை, இதில் சேராதது எது என்று கேட்டேன். பூனைதான் விலங்கு என்று அர்த்தத்தை வைத்துக் காரணம் சொன்னான். ஓசை அவன் காதில் படவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி ஒவ்வொரு பதிலையும் குறித்துக்கொண்டார்.

இதற்கு மதிப்பெண் போட மாட்டோம் என்று பேராசிரியர் முன்பே சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் தயாரித்த சோதனையை மொழிபெயர்த்துவிட்டு அதே அளவுகோலால் அளந்தால் முடிவு தப்பாகிவிடும் என்று விளக்கினார். அதனால் தமிழில் செய்ததை வெறும் கவனிப்பாக மட்டும் அறிக்கையில் சேர்த்தார்கள். ஆனால் எங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருந்தது. சிரமம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பழக்கம் போதவில்லை என்று நினைக்கலாம். இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் அதை டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை ஒலியாக்கி வாசிப்பதில் வரும் குறைபாடு, என்ற கோணத்தில் பார்க்க வேண்டும். முடிவும் அதுதான். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, தமிழை ஒருநாளும் நிறுத்தாதீர்கள் என்று அவர் அழுத்தமாகச் சொன்னார். அன்று இரவே மாமியாருக்கு போன் போட்டுச் சொன்னோம்.

மகனிடம் முடிவைச் சொன்னதும் அந்த மாணவிதான். காகிதத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நீ யோசிப்பதில் குறை எதுவும் இல்லை, எழுத்தை ஒலியாக்கும் வேலை மட்டும் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதற்குப் பயிற்சி உண்டு என்றார். அந்தப் பயிற்சியிலும் கட்டை அடுக்கலாமா என்று கேட்டான்.

அதோடு விட்டிருந்தாலே பெரிய உதவி. பள்ளியில் நடந்த கூட்டத்துக்கும் கூடவே வந்தார்கள். 1975-இல் வந்து இப்போது ஐ.டி.இ.ஏ. (IDEA) என்று அழைக்கப்படும், குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டப்படி, குழந்தைக்குத் தனிப்பட்ட கல்வித் திட்டம் வகுக்கும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர். நாம் வெளியில் செய்து கொண்டுபோகும் பரிசோதனை, அதற்குப் பள்ளி வைத்திருக்கும் விதிகளுக்கு ஏற்றதாக இருந்தால், பள்ளி அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. கூட்டத்துக்கு முந்தின நாள் நாற்பது பக்க அறிக்கையை இரண்டே பக்கமாகச் சுருக்கி, எந்த வரியைக் காட்டி என்ன கேட்க வேண்டும் என்று அந்த மாணவி எனக்கு எழுதிக் கொடுத்தார். திட்டம் கிடைத்தது.

அடுத்த நன்றி, வாரந்தோறும் ஒலிப் பயிற்சி கொடுத்த இளைய மாணவர்களுக்கு. ஒவ்வொரு வாரமும் ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோவும் அவர் குழுவும் உருவாக்கிய முறை இது. புள்ளிகள் இலக்குக் கோட்டுக்குக் கீழேயே நின்ற வாரங்களில், பையனைக் குறை சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றினார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தத் துறையை நான் மதிக்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கும் நன்றி. அறிக்கையைப் படித்ததுமே சொல்வதெழுதுதலைக் குறைத்து, வாய்மொழியாகக் கதை சொல்ல வைத்தார்.

பள்ளி உளவியலாளர் ஒருவருக்கு ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் அவர்களுடைய தேசியச் சங்கமே பரிந்துரைக்கிறது. நடப்பில் சராசரி ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதனால் எங்கள் பள்ளியில் பொறுக்கச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் எவ்வளவு தேவை என்பதை நேரில் பார்த்துவிட்டேன். ஐந்தாறு வருடப் படிப்பு, குறைந்த உதவித்தொகை, ஆய்வேடு, அதற்கு நடுவில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்காகத் தமிழ் எழுத்தைப் படிக்க உட்கார்ந்த அந்த மனசு!

எங்கள் மாணவி இப்போது வேறு மாநிலத்துக்கு ஒரு வருட இன்டர்ன்ஷிப் போகிறார். குறைந்தது 1,500 மணி நேரம் வேலை செய்ய வேண்டுமாம், அதில் ஒரு பகுதி பள்ளியில். நல்லபடியாக முடித்து, டாக்டர் பட்டத்தோடு வர வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். பேராசிரியர் அவர்களே, தமிழ் பேசும் குழந்தை யாராவது உங்களிடம் வந்தால், எதிரில் உட்கார்ந்து தமிழில் கேட்க ஆள் வேண்டுமென்றால், எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். நானோ என் கணவரோ வந்துவிடுவோம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா