அந்நியச் சிப்பிகளும் ஒட்டுண்ணிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணூரில் பரவியுள்ள காக்கா ஆழி என்னும் அந்நிய மட்டி குறித்த பேச்சு, அது உள்ளூர் மட்டிகளின் இடத்தைப் பறிக்கிறது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது; ஒட்டுண்ணிகளை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவின் வாடன் கடலில் குடியேறிய பசிபிக் சிப்பி, இரைக்காக நீரை வடிகட்டும்போது ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களின் நீந்தும் இளம்புழுக்களையும் அகற்றிவிடுவதால், அருகில் வாழும் நீல மட்டிகளில் தொற்று குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை உதவி என்று கொண்டாடிவிட முடியாது. அச்சிப்பியோடு வந்த மைட்டிகோலா ஓரியண்டாலிஸ் என்னும் குடல் ஒட்டுண்ணி அதே மட்டிகளுக்கும் பரவிவிட்டது.

மும்பைத் துறைமுகப் பகுதியிலும் மைட்டிலாப்சிஸ் சல்லி என்ற அந்நிய மட்டி பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டிவரும் உயிர்களைக் கணக்கெடுப்போர், எண்ணுவதோடு நில்லாமல், அவற்றையும் உள்ளூர் மட்டிகளையும் அறுத்து ஒட்டுண்ணிகளையும் சோதிக்க வேண்டும்.

வாசகர்,
செம்பூர், மும்பை