நாணயக்குத்தியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

சாய்த்தால் உருவம் மாறும் நாணயக்குத்திகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். ஆனால் அவற்றை எப்படிப் பேணுவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

என் தம்பி லண்டனிலிருந்து வந்தபோது மகனுக்கு ஒரு பவுண் குத்தி கொடுத்தான். 2017இல் புழக்கத்துக்கு வந்த பன்னிரண்டு பக்கக் குத்தி. அரசியின் தலைக்குக் கீழே சின்னதாக ஓர் இடம். ஒரு மாதிரிச் சாய்த்தால் பவுண் குறி, மற்ற மாதிரிச் சாய்த்தால் 1. மகன் அதை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே இருப்பான். கல்லடிக் கடற்காற்றில் அதன் மஞ்சள் ஓரம் கறுக்கத் தொடங்கியது. பேரன் ஆசையாக வைத்திருக்கும் சாமான் ஆயிற்றே என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஓரம் பளபளவென்று வந்துவிட்டது. எப்படிச் சாய்த்தும் அந்த 1 மட்டும் வரவில்லை. மகன் பிறகு அதைக் கையில் எடுக்கவே இல்லை.

அந்த உருவம் மேலே ஒட்டியது இல்லை. உலோகத்திலேயே எழுப்பிய மிக மெல்லிய வரப்புகள்தான் அது. படுவான்கரை வயல்களில் காலை வெயில் விழும்போது வரப்பின் கிழக்குச் சரிவு மட்டும் மினுங்குமே, அதே கணக்குத்தான். ஒரு பக்கச் சரிவுகளில் ஒளி பட்டால் ஓர் உருவம், மறுபக்கச் சரிவுகளில் பட்டால் மற்றது. சாம்பல் தேய்த்தால் வரப்பு கரையும். ஜப்பானின் 2000ஆம் ஆண்டு 500 யென் குத்தியில் பூச்சியங்களுக்குள் எழுத்து ஒளிந்திருப்பதும் இப்படித்தான். கனடா 2017இல் வெளியிட்ட, இருட்டில் ஒளிரும் இரண்டு டொலர் குத்தி வேறு வகை. அதில் ஒளிர்வது பூசிய நிறம். அதையும் தேய்க்கக் கூடாது.

குத்தியை விளிம்பில் பிடியுங்கள். அழுக்கென்றால் வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் வைத்தால் பச்சையாகப் படியும். அப்புறம், நம்முடைய ஈரக்காற்றுக்குச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

இதைச் சிறுவர் பக்கத்திலாவது போடுங்கள், ஐயா. தம்பி ஆவணியில் திரும்பவும் வருகிறான். இன்னொரு குத்தி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு