மச்சானுக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அக்கா உன்னைக் கேட்டாள். நீ போன் எடுக்காத சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் சின்ன மாமா படகு நடுக்கடலில் நின்றுவிட்டது. ராத்திரி வலையை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்திருக்கிறார்கள். விடியலில் செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம் என்றால் அதுவும் செத்துக் கிடக்கிறது. கச்சத்தீவுப் பக்கம் எஞ்சின் இல்லாமல் மிதந்தால் நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடும், விட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நல்ல வேளை, அந்த வழியாக வந்த படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. அத்தை அன்று கரையில் நின்ற நிலை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு 12 வோல்ட் பேட்டரி, தொடராக 24. வயர்லெஸ், ஜிபிஎஸ், லைட் எல்லாம் 12 வோல்ட் என்பதால் ஒரே பேட்டரியிலிருந்து அத்தனைக்கும் வயர் எடுத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க அது மட்டும் இறங்கும். பகலில் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் கொடுக்கும். ஆனால் இரண்டிலும் பாய்வது ஒரே கரண்ட். இறங்கிய பேட்டரி 13-ஐக்கூடத் தொடாது, நிறைந்திருக்கிற மற்றது 15-க்கு மேல் ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். கடைசியில் இரண்டுமே பாழ். கரையில் நான் பார்த்த பல படகுகளில் இதே வயரிங்தான், மச்சான்!

24 வோல்ட் முழுவதிலிருந்தும் எடுத்துத்தான் 12-ஆகக் குறைக்க வேண்டும். 'புகை வந்தாத்தான் ரேடியோ' என்பாரே, அந்த அண்ணன் இருந்திருந்தால் உடனே 2என்3055 டிரான்சிஸ்டரைத் தூக்கியிருப்பார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்: வருகிற 28-ல் வயர்லெஸ் செட்டுக்கு 13.8 வேண்டும், மிச்சம் 14 வோல்ட்டை டிரான்சிஸ்டர்தான் தாங்க வேண்டும். பேசும்போது 5 ஆம்பியர் இழுத்தால் 70 வாட் சூடு. உப்புத் தண்ணீர் புகாமல் மூடிய பெட்டிக்குள் அதை எங்கே விடுவது?

அதனால் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருந்து எடுத்த டிஎல்494 சிப், அது சுவிட்ச் மாதிரி ஆட்டுகிற ஒரு ஐஆர்எஃப்9540 மாஸ்ஃபெட், ஒரு காயில். நொடிக்கு 50 ஆயிரம் தடவை போட்டு அணைக்கிறது. முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும், நடுவில் நிற்காது. அதனால் மாஸ்ஃபெட்டில் சூடு மூன்று நாலு வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் கேட், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே 20 வோல்ட் தாண்டினால் மாஸ்ஃபெட் போச்சு, இங்கேயோ 28 வருகிறது. அதற்கு, 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டையோடு போட்டிருக்கிறேன். முதலில் வயர்லெஸ்ஸில் ஒரே இரைச்சல். அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே வரும் வயர், வெளியே போகும் வயர் இரண்டிலும் ஃபெரைட் வளையமும் கெபாசிட்டரும் சேர்த்ததும் அடங்கியது. போர்டுக்கு வார்னிஷ் இரண்டு கோட்.

இனி என் கவலையைச் சொல்கிறேன். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அந்த நிமிஷம் 24 வோல்ட்டும் நேராக வயர்லெஸ்ஸுக்குள் போய்விடும். கடையில் விற்கிற மலிவான கன்வெர்ட்டர் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றில்கூட இதற்குக் காவல் இல்லை. நடுக்கடலில் ஒரு மனிதனின் குரலே அந்தப் பெட்டிதான். அதை இப்படி விடலாமா? அவுட்புட்டில் 15 வோல்ட் ஜீனர் ஒன்று எஸ்சிஆரை, அதாவது ஒரு தட்டில் திறந்து அப்படியே நிற்கிற சுவிட்சை, தட்டிவிட வேண்டும், எஸ்சிஆர் லைனை ஷார்ட் செய்து முன்னால் இருக்கிற ஃபியூஸை உடைக்க வேண்டும். செட் பிழைக்கும், கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக எடுத்துப் பேசலாம். இது இல்லாமல் ஒரு பெட்டியும் என் கையை விட்டுப் போகாது.

மாமா படகில் ஒன்று ஏறிவிட்டது. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான், அப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்க நினைக்கிறேன். ரிச்சி தெருவில் பிடி151 எஸ்சிஆர் கொஞ்சம், 10 ஆம்பியர் தாங்குகிற காயில் கொஞ்சம் வாங்கி அனுப்பு. காயில் மையம் மஞ்சளும் வெள்ளையும் கலந்ததாக இருந்தால் நல்லது. காசை அக்கா உடனே போட்டுவிடுவாள். இந்தத் தடவையாவது வாங்கிக்கொள்.

உன்
மச்சான்