ஹெக்கல்ஃபோன் வரலாற்றை எழுதத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெக்கல்ஃபோன் என்னும் அரிய துளைக்கருவியின் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள்கூட எனக்குத் தெரிந்த வட்டத்தில் இல்லை. இன்று அந்த நூல் அச்சுக்குச் செல்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், யார் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழைய ஜெர்மன் எழுத்துகளில் அச்சான பக்கங்களைப் பொறுமையாகப் படித்துப் பொருள் சொன்ன அம்மையாருக்கு முதல் நன்றி. ரைன் ஆற்றங்கரையில் பீப்ரிஹ் என்னும் ஊரில் பசூன் என்னும் கீழ்ஸ்தாயித் துளைக்கருவியைச் செய்துவந்த ஹெக்கல் பட்டறைக்கு 1879-இல் இசையமைப்பாளர் வாக்னர் வந்ததாகவும், சீவாளி வைத்து ஊதும் ஓபோ என்னும் துளைக்கருவியின் இயல்பும் ஆல்ப்ஸ் மலை இடையர்களின் நெடுங்கொம்புக்குரிய மென்மையும் வலிவும் ஒருங்கே அமைந்த கீழ்ஸ்தாயிக் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டதாகவும் பட்டறையார் சொல்லிவந்தனர். வில்ஹெல்ம் ஹெக்கல் அத்தகைய கருவியை வெளியிட்டது 1904-இல்; வாக்னர் மறைந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. “பட்டறையார் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே எழுதுங்கள்” என்று அம்மையார் வற்புறுத்தியதால் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். இப்போதுதான் அது சரியாக அமைந்திருக்கிறது.

கண்ணாடிப் பேழையைத் திறந்து கருவியை என் கண்ணெதிரே ஏந்திக்காட்டிய அருங்காட்சியகக் காப்பாளருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஏறத்தாழ நான்கடி நீளம், மேப்பிள் மரம், ஓபோவைவிட அகன்று விரிந்துகொண்டே போகும் உள்துளை, கீழே விரிவதற்குப் பதிலாகக் குடம்போல் உருண்டு மூடிக்கொள்ளும் அணசு. அந்த உருண்டையின் துளையில் அவர் சிறு விளக்கைப் பிடித்தபோது உட்சுவரில் கடைசலின் மெல்லிய வரிகள் தெரிந்தன. படங்களில் பல முறை பார்த்திருந்தும் அந்த வரிகளை நான் கண்டதில்லை.

அனைவரிலும் மிகுதியாக நன்றி சொல்ல வேண்டியவர், இதுவரை சுமார் 150 மட்டுமே செய்யப்பட்ட அந்தக் கருவிகளுள் ஒன்றை வாசித்துவரும் கலைஞர். சீவாளியைத் தண்ணீரில் ஊறவைத்து, உதட்டில் வைத்துப் பார்த்து, கத்தியால் ஒரு மயிரிழை சீவி, மீண்டும் ஊறவைத்து, அதன் பிறகே அவர் ஊதினார். ஓபோவுக்கு ஒரு ஸ்தாயி கீழே, அடிச்சுரமான ‘ஏ’ ஒலித்தபோது மேசைப்பலகை அதிர்ந்தது. 1905 டிசம்பர் 9 அன்று டிரெஸ்டனில் அரங்கேறிய ‘சலோமி’ ஓபராவில் (இசைநாடகத்தில்) இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இந்தக் குரலை ஏன் நாடினார் என்பது, எத்தனையோ பக்கங்கள் படித்தும் விளங்காதது, அந்த ஒரு சுரத்தில் விளங்கியது. பிறகு அந்தக் கலைஞர் 1915-ஆம் ஆண்டின் ‘ஆல்ப்ஸ் சிம்பொனி’யின் இசைத்தாளை விரித்து, கருவியால் எட்டவே முடியாத கீழ் ‘எஃப்’ வரை ஸ்ட்ராஸ் எழுதியிருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தச் சுரத்தையும் எட்டும் லூப்போஃபோன் என்ற கருவி மிக அண்மைக் காலத்தில்தான் வந்தது. வயோலா, பியானோ ஆகியவற்றோடு ஹெக்கல்ஃபோனைச் சேர்த்து இசையமைப்பாளர் ஹிண்டெமித் 1928-இல் இயற்றிய மூவிசையின் தொடக்கத்தையும் எனக்காக இருமுறை வாசித்தார்; அதற்கு நான் எந்தக் கைம்மாறும் செய்துவிட முடியாது.

மெய்ப்புப் பார்த்த நண்பர், இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ என்னும் இசைப்படைப்பு கேட்பது ஹெக்கல்ஃபோனை ஒத்த பேஸ் ஓபோ என்ற வேறொரு கருவியையே என்பதைச் சுட்டி, இரு கருவிகளையும் நான் கலந்து எழுதியிருந்த ஒரு பத்தியை நீக்கச் செய்தார். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாசிக்கும் வழக்கம் இருப்பதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்ந்துவிடுகிறது. அவருக்கும், படங்கள் வரைந்த ஓவியருக்கும் என் வணக்கம்.

நூலின் முதற்படிகள் உங்கள் அனைவருக்கும் வந்துசேரும். கலைஞருக்கு அனுப்பும் படியில், அவர் தொட்டுக்காட்டிய அந்தக் கீழ் ‘எஃப்’ அச்சாகியிருக்கும் பக்கத்தில் ஒரு நாடா வைத்திருக்கிறேன்.

மாறா நன்றியுடன்,
நூலாசிரியர்