லென்ஸ் அப்புறம், முதலில் ஃபிளாஷ்

அன்பு மகளுக்கு,

சின்னதை மிக அருகில் போய் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் 60 மில்லிமீட்டரா, 100-ஆ என்று கேட்டிருந்தாய். பூச்சிதான் எடுக்கப் போகிறாய் என்றால் 100. இரண்டிலும் 1:1 கிடைக்கும், அதாவது 10 மி.மீ. நீள வண்டு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் 10 மி.மீ. நீளமாகவே விழும். வித்தியாசம் வண்டுக்கும் லென்ஸ் முனைக்கும் நடுவில் மிஞ்சும் இடத்தில்தான். 60 என்றால் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும், உன் நிழலும் அதன் மேல் விழும். அதுவரை அது உட்கார்ந்திருக்குமா?

ஆனால் இப்போதே வாங்காதே. உன்னிடம் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறதே, அதற்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் போடு. உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். 25 மி.மீ. குழாய்க்கே கிட்டத்தட்ட பாதி அளவு வந்துவிடும், மொத்தம் 50 மி.மீ. குழாய் போட்டால் 1:1. மின் தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, கேமராவிலிருந்து மாற்ற முடியாமல் திண்டாடுவாய்.

மிச்சமாகும் காசை ஃபிளாஷில் போடு. லென்ஸைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், படம் கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தில்தான். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1-இல் அந்தத் துளையை எஃப் 8 (எண் கூடக் கூடத் துளை சின்னது) வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. ஈயின் கண் துல்லியமாக இருக்கும், இறக்கை மங்கிவிடும். சரி, துளையை இன்னும் மூடலாமே என்று தோன்றும். அவ்வளவு கிட்டத்தில் எஃப் 11 வைத்தாலே அது எஃப் 22 போலத்தான் நடந்துகொள்ளும். அதற்கும் மேல் போனால் துளை சின்னதாகி ஒளி சிதறும், படம் முழுக்க மழுங்கும். அதனால் 8-க்கும் 11-க்கும் நடுவிலேயே நில். துளையை மூடுவதால் வரும் இருட்டை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும். பவரைக் குறைத்து வைத்தால் அது மின்னுவது நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். கை நடுக்கமும் காற்றில் ஆடும் இலையும் படத்தில் தெரியாது. வெளியே ட்ரைபாட் வேண்டாம். அதன் கால்களை விரிப்பதற்குள் பூச்சி பறந்துவிடும்.

ஃபிளாஷை அப்படியே அடிக்காதே. வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி. வெறும் ஃபிளாஷ் பட்டால் நடு முதுகில் வெள்ளையாக ஒரு பொட்டு, அங்கே நிறமே இருக்காது. மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து லென்ஸுக்கு மேலே கூரை போலக் கட்டு. எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும். எடுத்த படத்தைப் பெரிதாக்கி அந்த முதுகைப் பார். ஷீட்டின் வடிவம் அப்படியே தெரியும், நீ ஒட்டிய டேப்பின் கோடு உட்பட. எங்கே சரிசெய்ய வேண்டும் என்று வண்டே காட்டிக்கொடுக்கும். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ் எனக்குப் பிடிக்காது. எல்லாப் பூச்சியின் கண்ணிலும் ஒரே வளையம், உடம்பு தட்டையாகிவிடும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடு. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் அமுக்கு. இடது கையால் செடித் தண்டைப் பிடித்து, அதே கை மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் பூச்சியும் நீயும் சேர்ந்தே ஆடுவீர்கள், பாதித் தொல்லை தீர்ந்தது. வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் கேமராவை அதற்கு இணையாகப் பிடி. அந்த 1 மி.மீ. ஆழமே முழு இறக்கைக்கும் ஏறக்குறையப் போதும்.

ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் அடுக்குவதெல்லாம் அப்புறம். அதற்குப் பூச்சி அசையக் கூடாது. குளிர்ந்த விடியற்காலையில் உடம்பு சூடேறாமல் சிறகில் பனியோடு உட்கார்ந்திருக்கும் பார், அப்போதுதான் அது நடக்கும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நீ அதைச் செய்யாதே.

என்னிடம் ஃபிளாஷ் ஒன்று சும்மா கிடக்கிறது. உன் கேமராவில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், மாடல் எண்ணை அனுப்பு. பொருந்தினால் இந்த வாரமே பார்சல் போடுகிறேன், பேட்டரி மட்டும் நீ வாங்கிக்கொள்.

அப்பா